வெள்ளையடித்த தேக்குப் பலகை

என் மனைவியின் அண்ணனுக்கு எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் வயிறு சரியில்லாமல் போய்விடும். திருநகரில் தன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருப்பார். வழியில் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு வடையும் டீயும் சாப்பிடுகிற அளவுக்கு நன்றாக இருப்பார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில்தான் கோளாறு ஆரம்பிக்கும். "இப்பத்தான் சாப்ட்டு வாரேன்மா. வயிறும் ஒரு மாதிரி இருக்கு" என்பார். இருபத்துநாலு வருடமாக ஒரு மாதிரி இருக்கிற வயிறு அது. பார்வைக்கு என்னவோ சட்டைப் பொத்தான்களைச் சோதிக்கிற அளவுக்குச் செழிப்பாகத்தான் இருக்கும்.

மிஷன் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் மிஷன் பள்ளி வாத்தியார்கள். என் மனைவியும் மிஷன் பள்ளியில்தான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். எங்கள் வம்சத்தில் என் அப்பா வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான்தான் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்கக் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து பிடுங்கி இன்னொரு மேஜையில் நட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருடம் அவர் எங்களோடு பேசவில்லை. மகள் பிறந்ததும் பேச ஆரம்பித்தார், அந்த இருபத்துநாலு வருடக் கணக்கு அங்கிருந்துதான். சாப்பிடத்தான் ஆரம்பிக்கவில்லை.

கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூட நின்றது அவர்தான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார், மருந்துக்கு ஓடினார். நாங்கள் பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியை மட்டும் தொடவில்லை. மூன்று மாடி இறங்கிப்போய்க் கடையில் குடித்துவிட்டு, மூன்று மாடி ஏறி வந்து மறுபடியும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்பதைப் பற்றி மேடையில் மிக அழகாகப் பேசுவார். நானே முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன். என்னை அவர் 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை. 'சார்' என்பார். அவ்வளவு மரியாதை.

என் மனைவிக்கு நகை ஆசை, பட்டு ஆசை எதுவும் கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே ஆசை, கூடப் பிறந்த ஒரே அண்ணன் ஒரு நாளாவது தன் வீட்டில் கை நனைக்க வேண்டும் என்பதுதான். பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் இருந்தவரை அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. "சந்துக்குள்ள வீடு, வாசல்ல சாக்கடை, எப்பிடி ஒரு வாய் எறங்கும் அவருக்கு" என்பாள். வில்லாபுரத்தில் நாலாவது மாடியில் சொந்தமாக வீடு வாங்கியதும் அந்தச் சமாதானம் தீர்ந்துபோனது. அங்கே சந்து இல்லை, சாக்கடை கண்ணுக்குத் தெரியாமல் குழாயில் ஓடியது, பால்கனியில் நின்றால் பரங்குன்றம் மலை தெரிந்தது. இனி அண்ணன் சாப்பிடாவிட்டால் அதற்கு அண்ணன்தான் காரணமாக இருக்க முடியும். அந்த முடிவுக்கு வந்து சேர அவளுக்கு விருப்பமில்லை.

புது வீட்டு ஜெபத்துக்கு அண்ணன் வந்திருந்தார். கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தபோது லிஃப்ட் அவரோடு கீழே போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு எங்களுக்கு ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் அன்பளிப்பாக வந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கொடுத்தவர் பெயர் அழியாத மையில் எழுதியிருந்தது. பெயர் எழுதாத பொருள் ஒன்றே ஒன்றுதான், செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒரு பலகை. எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு வாழ ஆரம்பித்தோம்.

புது வீட்டில் இரண்டு வியாதிகள் எனக்குத் தொற்றின. முதலாவது சமையல். மனைவி ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எனக்கு அலுவலகம் பத்து மணிக்கு, அங்கே போய்ச் சேர்வது பத்தே முக்காலுக்கு. அதனால் அடுப்பு என் பொறுப்புக்கு வந்தது. கட்டியவர் 'மாடுலர் கிச்சன்' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். இழுப்பறைகள் சத்தமில்லாமல், தானே வெட்கப்பட்டு உள்ளே போய்க்கொள்ளும். கிரைண்டர் எதிலும் நுழையாது. குக்கர் நுழையும், மூடி நுழையாது. ஆறு மாதத்தில் நான் சாம்பார், ரசம், பொரியல் மூன்றையும் ஒரே ருசியில் வைக்கக் கற்றுக்கொண்டேன். மீன் குழம்பு மட்டும் எனக்கு வேறு மாதிரி வரும். கண்மாய்க்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த ஒரு சலுகை உண்டு.

இரண்டாவது வியாதி கைவேலை. ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆண்பிள்ளை கைப்பேசியில் ஏதாவது ஒரு கெட்ட பழக்கத்துக்கு ஆளாவான். எனக்கு வாய்த்தது வீட்டலங்கார வீடியோக்கள். அதில் வருகிற பெண் நாலு நிமிடத்தில் தேங்காய்ச் சிரட்டையை விளக்காக்கிவிடுவாள். நான் நாலு நாளில் சிரட்டையைச் சிரட்டைத் துண்டுகளாக்கினேன். காலி பாட்டிலுக்குச் சணல் சுற்றிப் பூந்தொட்டி செய்தேன். பழைய கைலியைப் பின்னி மிதியடி செய்தேன். அதில் கால் துடைத்தவர்கள் கால் சிக்கி இரண்டடி முன்னால் போய் நின்றார்கள். மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும்போது, "அப்பா, இன்னைக்கு எதை ஒடச்சீங்க?" என்று அன்போடு விசாரிப்பாள்.

இப்படி ஒருநாள் அடுப்புக்கு மேலே பொடி டப்பாக்களை வைக்க ஓர் அலமாரித் தட்டு செய்யலாம் என்று தோன்றியது. பரணில் ஏறினேன். செய்தித்தாளில் சுற்றிய பலகை கிடைத்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடப் போடுவார்களே, அந்த மாதிரி. அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள். எங்கள் இருவர் முட்டியும் தரையில் உட்கார்ந்தால் ஆள் வைத்துத்தான் எழுப்ப வேண்டும் என்கிற நிலையில் இருக்க, இதை யார் கொடுத்தார்கள் என்று கூட யோசிக்காமல் வேலையை ஆரம்பித்தேன். குறுக்குக் கட்டைகள் லேசில் கழலவில்லை. ஆணியே இல்லாமல், பள்ளம் வெட்டி உள்ளே சொருகியிருந்தான் படுபாவி. இரண்டு சாயங்காலம் ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். பிறகு மேல்பக்கமும் ஓரங்களும் பளிச்சென்று இருக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். வீடியோவில் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும். சுவரில் துளை போட்டு, திருகாணி ஆடியதால் காகிதத்தை மடித்துப் பசை தடவித் திணித்து, தட்டை மாட்டினேன்.

அது கொஞ்சம் சரிந்திருந்தது. கொஞ்சம் என்றால், திங்கட்கிழமை இடது ஓரத்தில் வைத்த மல்லித்தூள் டப்பா மிக்ஸி அதிர்வில் நகர்ந்து நகர்ந்து வெள்ளிக்கிழமை வலது ஓரத்துக்கு வந்துவிடும். மனைவி ஏதாவது டப்பாவைத் தேடினால், "இன்னைக்கு புதன், நடுவுல இருக்கும் பாரு" என்று சொல்லிவிடலாம். அந்த வசதியை நான் ஒரு கண்டுபிடிப்பாகவே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அண்ணி, மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். அண்ணன் தனியாக இருந்து மெஸ் சாப்பாடு சாப்பிடுவது தெரிந்ததும் என் மனைவி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், சாட்சிக்கு.

"அண்ணே, சனிக்கிழமை மத்தியானம் வாண்ணே. இவரு ஊருக் கம்மாய்ல அயிரை பிடிக்கிறாகளாம்."

அந்தப் பக்கத்திலிருந்து, "பாப்போம்" என்றார்.

இருபத்துநாலு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய வார்த்தை அதுதான். "பாப்போம்னுட்டாரு" என்று போனை வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்தில், மறுபேச்சுப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் நான் ஊருக்குப் போய் அயிரையை உயிரோடு வாங்கி, தண்ணீரோடு பையில் கட்டி எடுத்துவந்தேன். தண்ணீரில் பால் விட்டு, மீன் சேற்றைக் கக்கும்வரை காத்திருந்து, சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவினேன். சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்க ஆரம்பித்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"புளியைக் கொறச்சுப் போடுங்க."

"கொறச்சா எப்பிடி நல்லாருக்கும்?"

"அண்ணனுக்கு வயிறு சரியில்லேல்ல."

"ஒங்கண்ணனுக்கு வயிறு..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடமும் அந்த வயிற்றுக்குப் பத்தியம் பார்க்கிறாள். புளியைப் பாதியாகக் குறைத்தேன். மிளகாய்த்தூளையும் குறைத்தேன். இல்லாத வியாதிக்கு எங்கள் வீட்டில் முறையான மருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு அவள் மேஜையில் வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பரணைப் பார்த்தாள்.

"அண்ணன் குடுத்த பலகையை எறக்கி ஹால்ல வைங்க. நாம பத்திரமா வச்சிருக்கோம்னு பாக்கட்டும்."

"எந்தப் பலகை?"

"வீட்டு ஜெபத்துக்குக் குடுத்தாருல்ல. பள்ளிக்கூடத்துல கழிச்சுப் போட்ட பழைய பெஞ்சுத் தேக்கு. அவரே கையால எழைச்சு செஞ்சது. பேப்பர்ல சுத்தியிருக்கும்."

நான் அப்போது அந்தப் பலகைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு கோப்பு தொலைந்தால் சொல்வதற்கு என்னிடம் பதினேழு பதில்கள் உண்டு. அவை கோப்புக்கு மட்டும்தான் செல்லும். மேலே கையைக் காட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தட்டைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேக்குக்கு யாராச்சும் வெள்ளையடிப்பாகளா?"

"தேக்குன்னு தெரியல."

"மரத்தைப் பாத்தா தெரியாதா?"

"எனக்கு மீனைப் பாத்தாத்தான் தெரியும்."

"சாப்புடக் குடுத்த பலகையை அறுத்து மொளகாப்பொடி வச்சிருக்கோம்னு தெரிஞ்சா, இனிமே எம்புட்டுக் கூப்ட்டாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டாரு" என்றாள். கொஞ்சம் யோசித்து, கணக்கு டீச்சராக எழுந்தாள். "வெள்ளையடிச்சிருக்குறதுனால சட்டுனு தெரியாது. அவரை அடுப்படிக்குள்ள விடாம நீங்க பாத்துக்கங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

தங்கை வீட்டில் தான் ஏன் சாப்பிடுவதில்லை என்பதை மறைக்க வயிற்றைச் சாக்கு வைத்திருக்கும் மனிதரிடமிருந்து, அவர் சாப்பிட உட்காரக் கொடுத்த பலகையை மறைக்கும் வேலையில் நான் நியமிக்கப்பட்டேன்.

பன்னிரண்டரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எழுந்து போக வசதியாக அவர் எப்போதும் நுனியில்தான் உட்காருவார். "பரவால்ல சார், காத்தோட்டமா இருக்கு" என்றார். "ஆமாங்க மச்சான்" என்றேன். மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மலைக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்கு இருவரும் பார்த்தோம்.

மனைவி வந்து, "எலை போட்டுருக்கேண்ணே" என்றாள்.

"இல்லம்மா. வர்ற வழில பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் பிடிச்சு வச்சு டிபன் வாங்கிக் குடுத்துட்டான். வயிறு வேற..."

"ஒரு மாதிரி இருக்கா?" என்று நான் முடித்து வைத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பெயிண்டே உரிந்திருக்கும்.

"அப்ப மோராவது குடிண்ணே. மோர் வயித்துக்கு நல்லது." அவர் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் உள்ளே ஓடி, தயிரை மிக்ஸியில் போட்டுச் சுற்றிவிட்டாள். அன்றைக்கு மிக்ஸி காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடியிருந்தது. மல்லித்தூள் டப்பா வெள்ளிக்கிழமைக்குரிய இடத்தைத் தாண்டி, தட்டின் விளிம்பில் நின்றிருக்க வேண்டும். பெரிய சத்தம். அதைத் தொடர்ந்து கண்ணாடி டம்ளர் உடைகிற சத்தம்.

"ஏம்மா, என்னாச்சு?" என்று அண்ணன் எழுந்து ஓடினார். அவரை அடுப்படிக்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

"அடி எதும் படலையே? காலைக் காட்டு. நகராம நில்லு, கண்ணாடி கெடக்கு." குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் வைத்தார். நிமிர்ந்தார். அவர் குள்ளமான மனிதர். தட்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. மேலேயும் ஓரத்திலும்தான் பெயிண்ட் அடித்திருந்தேன், அடிப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். அங்கே அந்தத் தேக்கு, தன் நிறத்தோடு, கட்டைகள் சொருகியிருந்த இரண்டு பள்ளங்களோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரலை ஒரு பள்ளத்தில் வைத்து மெதுவாக ஓட்டினார்.

"சார், இது யாரு வேலை?"

"நாந்தான் மச்சான்."

"வெள்ளையடிச்சது?"

"அதுவும்."

"இதுக்கு அடியில ரெண்டு கட்டை இருந்துச்சே."

"பால்கனில இருக்கு. ரோஜாத் தொட்டிக்கு அண்டக் குடுத்திருக்கேன்."

பால்கனிக்குப் போனார். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைகளைப் பார்த்தார். இந்தத் தடவை மலையைப் பார்க்கவில்லை. மனைவி என் காதருகே, "போச்சு. இனிமே பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு" என்றாள்.

அவர் திரும்பி வந்து, "ஒரு டம்ளர் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

மனைவி பீரோவைத் திறந்து, மகள் பிறந்தபோது வாங்கிய வெள்ளி டம்ளரை எடுத்து, கழுவி, விளிம்புவரை பானைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கினார். எக்கி, தட்டின் மேல் வைத்தார். நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு டம்ளரிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்தார்.

"ஒரு இஞ்ச் எறக்கம்" என்றார். "ஏழாங்கிளாஸ் பய இப்பிடி மாட்டுனான்னா முட்டி போட வச்சிருவேன்." டம்ளரை இறக்கித் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினார். "திருகாணிக்கு அடியில என்னத்த வச்சீங்க?"

"பேப்பர்."

"பேப்பரா?"

"பசை போட்டுத்தான்."

அவர் சட்டையைக் கழற்றி, வாழையிலைக்கு எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் மாட்டினார். பலகை பாழானதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அறுத்ததை மன்னித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது சாய்ந்து நிற்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு சீட்டில் சாமான்களை எழுதி, சுவர்த் துளைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழல் எட்டு, இரண்டு அங்குலத் திருகாணி எட்டு என்று என்னைக் கடைக்கு அனுப்பினார்.

மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, விழுந்துருச்சா?" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"பேப்பர் வச்சுக்கிறேன்னு சொன்னீகள்ல, விழத்தான செய்யும். அன்னைக்கே சொல்ல நெனச்சேன். ஆர்வமா இருந்தீக, எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் திரும்பி வந்தபோது அவர் குழம்புச் சட்டியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தூசி விழாமல் துணியும் போட்டு மூடிவிட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து துளை போடும் மெஷின் வாங்கி வரப்பட்டது. என் வேலை பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதையும் நான் சரியாகச் செய்யவில்லை.

"டேய், ஆட்டாம பிடிடா" என்றார். மெஷின் நின்றது. ஒரு பெரிய இடைவெளிக்குப் பிறகு, "...சார்" என்று சேர்த்தார்.

"சரிங்க மச்சான்" என்றேன். இருபத்துநாலு வருட 'சார்'களையெல்லாம் எடை போட்டால் அந்த ஒரு 'டேய்'க்கு ஈடாகாது என்று தோன்றியது. மறுபடி ஆட்டினால் இன்னொன்று கிடைக்கும் என்று வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தட்டு நேராக நின்றது. மறுபடியும் டம்ளர், மறுபடியும் தண்ணீர், மறுபடியும் ஒற்றைக் கண். திருப்தி. துணியை எடுத்து உதறினார். "உள்ள தூசி விழுந்துருக்கான்னு பாப்போம்" என்று சட்டியின் மேலிருந்த தட்டைத் தூக்கினார்.

ஆவி எழுந்தது. அவர் முகம் ஆவிக்குள் கொஞ்ச நேரம் இருந்தது.

"இதான் அயிரையா?"

"ஆமாண்ணே" என்றாள் மனைவி, நிலைப்படியில் நின்றபடி.

"இவுக ஊருதா?"

"ஆமாண்ணே."

கரண்டியை எடுத்தார். தூசியைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டியின் அடிவரை ஒரு கிண்டு கிண்டி, குழம்பை அள்ளி, இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். கைத்தொழில் ஆசிரியர் அந்தக் கையைப் பார்த்தார். என்ன யோசித்தாரோ தெரியாது. சரியில்லாத ஒரு வேலை கண்முன்னே இருக்கிறது, என்ன குறை என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. நக்கினார்.

"புளி பத்தல" என்றார்.

மனைவி அடுப்பருகே வந்தாள். "ஒனக்கு வயிறு சரியில்லைன்னு கொறச்சுப் போட்டோம்ணே."

"அதுக்காக? மீன் கொழம்புல புளி இல்லைன்னா அது பேரு என்ன, சாம்பாரா? கொஞ்சம் ஊற வச்சு ஊத்து."

அவள் புளியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிசைந்தாள். அவசரத்தில் பாதிப் புளி மேடையில் சிந்தியது. வடிகட்டி ஊற்றினாள். அடுப்பை மறுபடியும் பற்றவைத்ததும் குழம்பு கொதித்தது. அவர் மறுபடியும் உள்ளங்கையில் விட்டு நக்கினார். "இன்னும் கொஞ்சம்." ஊற்றினாள். மூன்றாம் தடவை கரண்டியில் ஒரு மீனும் வந்துவிட்டது. உள்ளங்கையில் கிடந்த அந்தச் சின்ன மீனை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தார். திருப்பிச் சட்டியில் போட முடியாது, சிங்க்கில் போட மனசு வராது. வாயில் போட்டு மென்றார்.

"ம்" என்றார். "இப்பச் சாப்புடாதீங்க. நாளைக்குத்தான் புளி ஏறும்."

கையைக் கழுவினார். சட்டையை மாட்டினார். வாழையிலை அப்படியே கிடந்தது. "வாரேன்மா. வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, லிஃப்டில் இறங்கிப் போனார். பால்கனியிலிருந்து பார்த்தேன். வண்டியை எடுப்பதற்கு முன் அந்த இடது உள்ளங்கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. நாலாவது மாடியிலிருந்து அவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்று மனைவி சொன்னாள். ஆனால் எத்தனை தடவை முகர்ந்தார் என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்குதான் நடந்தது.

"சாப்ட்டாருல்ல?" என்றாள்.

"ருசி பாத்தாரு. அது பரிசோதனை. எங்க ஆபீசுக்கு ஆடிட்டர் வந்து ஃபைலைப் பாத்தா, அவரு எங்க ஆபீஸ்ல வேலை செஞ்சாருன்னு ஆயிருமா?"

"மீனை மென்னு முழுங்குனாருல்ல."

"ஒரு மீன். அதும் அயிரை. சுண்டுவிரல்ல பாதி."

"கம்மாய் மீனு எம்புட்டா இருந்தா என்ன, வயித்துக்குள்ள போச்சுல்ல?"

"எலையில ஒக்காரல. சோறு தொடல. கை நனைச்சதுன்னா கை கழுவுனதை வேணா சொல்லலாம்."

நான் ஏன் அப்படி வாதாடினேன் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து இவ்வளவுதான் கிடைத்ததா என்ற வீம்பாக இருக்கலாம். உண்மையில் எனக்கும் அவர் சாப்பிட்டார் என்று தீர்ப்பு வர வேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் அதை என் தரப்பிலிருந்து சொல்ல வாய் வரவில்லை. அவள் பேச்சை விட்டுவிட்டு வாழையிலையை மடித்தாள். யாரும் சாப்பிடாத இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தி, அப்படியே சுருட்டிக் கூடையில் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து அவள் புடவை மாற்றுவதற்குள் போன் அடித்தது. பழங்காநத்தத்தில் இருக்கும் அவள் சித்தி. அந்தக் குடும்பத்தில் எந்தச் செய்தியும் சித்தி வாயால் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. எடுத்ததும் வசைதான்.

"ஏண்டி, டீச்சர் வேலை பாத்துப் பாத்து சமையலே மறந்துபோச்சா ஒனக்கு? திருநகர்ல சர்ச் முடிஞ்சு ஒங்கண்ணன் வாசல்ல நின்னுக்கிட்டு, போறவுக வர்றவுககிட்டயெல்லாம் சொல்றான். நேத்துத் தங்கச்சி வீட்ல சாப்ட்டேன், அயிரைக் கொழம்பு வச்சிருந்தாக, வாயில வைக்க முடியல, புளியே இல்லைங்கிறான். எம்புட்டுப் பேரு நின்னு கேட்டாக தெரியுமா? எனக்குத் தலை குனிவாப் போச்சு."

சமையல் என்னுடையது. அதை இவ்வளவு கேவலமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. சித்திக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று கையை நீட்டினேன். மனைவி போனைத் தரவில்லை. ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"சித்தி, இங்க சிக்னல் சரியில்ல, வெட்டி வெட்டி வருது" என்றாள். நான் போனைப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. "அண்ணன் என்ன சொன்னாருன்னு மொதல்லருந்து சொல்லுங்க."